நொண்டித் தளபதியும் ஒரு நாவலும்

1938 அக்டோபர் 4. தாஷ்கண்டில் உஸ்பெக் எழுத்தாளர்கள் அப்துல்லா காதிரி, சோல்பான், ஃபித்ரத் மூவரும் ஒரே நாளில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த நாளை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் போகிறேன். அதற்கு முன், காதிரியின் நாவலில் வரும் முசுல்மான்குல் என்ற தளபதியை ஒரு பார்வை பார்த்துவிடுவோம். இல்லாவிட்டால் காதிரியின் துணிச்சல் பிடிபடாது.

கிப்சாக் குலத் தலைவன், ஒரு கால் ஊனம். ‘நொண்டி’ என்றே ஊர் அழைத்தது. எதிரில் அழைத்தவன் இருந்தானா என்பது வேறு விஷயம். 1845-ல் சிறுவன் குதாயாரை மத்திய ஆசியாவின் கோகந்து அரியணையில் கானாக உட்காரவைத்துவிட்டு ஆட்சியைத் தன் கையில் வைத்துக்கொண்டான். வளர்ந்த குதாயார் 1852-ல் திருப்பி அடித்தான். கிப்சாக்குகள் கொத்துக்கொத்தாக வெட்டப்பட்டார்கள். முசுல்மான்குல்லை மேடையில் உட்காரவைத்து, தன் ஆட்கள் சாவதைப் பார்க்கச் செய்த பிறகே தூக்கிலிட்டார்கள். அவன் கொடியவன்தான். ஆனால் குதாயாரின் அற்பத்தனம் அவனிடம் இல்லை. கிழக்கத்திய அரண்மனைகளில் இவனைப் போல என்னை இழுத்த வில்லன் வேறு யாரும் இல்லை.

இவனைக் கதாநாயகனாக்கியிருந்தால் காதிரியின் ‘கடந்த நாட்கள்’ நாவல் இன்னொரு சாகசக் கதையாகியிருக்கும். காதிரி இவனை ஓரத்தில் நிறுத்தி, ஒதாபேக் என்ற வணிகனை நடுவில் கொண்டுவந்தார். கதை ஹிஜ்ரி 1264, தல்வு மாதம் 17 என்று நாள் குறித்து, மர்கிலான் சத்திரத்தில் தொடங்குகிறது. இது அரண்மனை வரலாற்றாசிரியர்களின் வழக்கம். அடுத்து வரும் நாயகி குமுஷின் காதல், போட்டியாளன் ஹமிதின் கோள், ஒதாபேக் தூக்குமேடை வரை போய்க் கடிதம் ஒன்றால் தப்பிக்கும் கட்டம் எல்லாம் கதைசொல்லிகள் பாடிய தாஸ்தான்களின் சொத்து. உரையாடலோ கடைவீதியுடையது. நையாண்டி எழுதிப் பழகிய காதிரியின் காது அது. கல்வக் மக்சும் என்ற கோமாளியைப் பேசவைத்தவர் அல்லவா! அரண்மனை வரலாறு, தாஸ்தான், கடைவீதி என்ற இந்த மூன்று இழைகளையும் சேர்த்து நெய்ததுதான் முதல் உஸ்பெக் நாவல். 1922-ல் இதழில் தலைகாட்டி, 1925, 26-ல் புத்தகமானது.

தாஸ்தானில் கொடியவன் வீழ்ந்தால் ஊரே விருந்து வைக்கும். இங்கே கிப்சாக் படுகொலைத் திட்டம் எழுந்ததும் ஒதாபேக்கின் தந்தை யூசுப்பேக் ஹாஜி அதை எதிர்க்கிறார். சகோதரர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்தால் வெளியிலிருந்து வருபவனுக்கு வழிவிடுவதாகாதா என்பதே அவர் கவலை. பழைய வடிவம் உடைவது அந்த இடத்தில்தான். ஒதாபேக்கின் இரண்டாம் மனைவி ஜைனப் வைத்த விஷத்தில் குமுஷ் சாவதை எல்லோரும் அழுதுகொண்டே படிப்பார்கள். நாவலின் முதுகெலும்பு ஹாஜியின் எதிர்ப்புதான் என்பது என் கட்சி. இறுதியில் ஒதாபேக் ரஷ்யப் படையோடு மோதி மடிவதும் ஹாஜியின் அச்சத்துக்குச் சாட்சி.

அந்த ரஷ்யர்களின் வாரிசுகள் ஆண்ட காலத்தில் இப்படி எழுதிவிட்டு ஒருவர் எத்தனை நாள் நிம்மதியாக இருக்க முடியும்? 1926-லேயே ‘முஷ்தும்’ நையாண்டி இதழில் வந்த ஒரு கட்டுரைக்காகக் காதிரியைச் சிறையில் தள்ளினார்கள். நொண்டித் தளபதி நம் பக்கங்களைப் பிடித்துக்கொண்டான். கைதிலிருந்து துப்பாக்கி வரையிலான அந்தப் 12 ஆண்டுகள் அடுத்த வாரம்.

(தொடரும்)