தவறணையில் நின்றவர்

'தவறணை' போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். அங்கே நடக்கும் சண்டைக்கு அவர்களைக் குறைசொல்ல முடியாது. அது நமது சொந்தச் சரக்கு.

பிரித்தானியர் காலத்தில் தவறணை உரிமை ஏலத்தில் போனது. ஏலமெடுத்தவருக்குப் போட்ட பணம் திரும்ப வேண்டும். குடித்தவன் எப்படி வீடு சேர்ந்தான் என்பது அவர் கணக்கில் வராது. 1912இல் புதிய மதுவரிச் சட்டம் வந்தபோது மதுவிலக்கு இயக்கம் நாடெங்கும் கிளர்ந்தது. தவறணை வேண்டுமா, வேண்டாமா என்பதே வாதம். உள்ளே நின்று ஊற்றுபவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எவரும் கேட்டதாக நான் படித்ததில்லை. 1970களில் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் வடக்கில் வேரூன்றிய பின்னர்தான் ஊற்றுபவரும் குடிப்பவரும் ஒரே ஊரவராயினர்.

2003இல், சமாதான காலத்தில், செய்தி சேகரிக்க வன்னி சென்றேன். பரந்தனுக்கு அருகே ஒரு தவறணை. கள் அளந்த முதியவர், வேலித் தகராறு உள்ள இருவரை எதிரெதிர்க் கரைகளில் இருத்தினார். ஒருவரின் குரல் ஏறியதும் முட்டியை வைத்துவிட்டு மெல்ல எழுந்து போனார்.

"தம்பி, இண்டைக்குக் காணும். கொம்மா பார்த்துக்கொண்டிருப்பா. நாளைக்கு வா."

தோளில் கைவைக்கவில்லை. மற்றவர்கள் கேட்கச் சொல்லவுமில்லை. அவன் போய்விட்டான்.

நம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோவில் இதையே பாடமாக்கினார்கள். 38 மதுச்சாலைகளை எடுத்து, அவற்றில் 26இன் ஊழியருக்கும் முகாமையாளருக்கும் மூன்று மணிநேரப் பயிற்சி: குரல் ஏறும்போதே கவனிப்பது, நெருங்கி நிற்காமலிருப்பது, நண்பர்கள் முன் மானம் போகாமல் ஒருவன் விலக வழிவிடுவது. பின்னர் நள்ளிரவு முதல் இரண்டு மணிவரை அவதானிகள் உள்ளே இருந்து பார்த்தார்கள். பயிற்சி பெற்ற இடங்களில் கைகலப்புக் குறைந்தது. முகாமையாளரும் வாயிற்காவலரும் அடிக்கடி மாறிய இடங்களில் பலன் தேய்ந்தது. 2004இல் வெளியான இந்த முடிவைப் படித்தபோது பரந்தன் முதியவரே நினைவுக்கு வந்தார். அவர் மாறாமல் அங்கேயே நின்றவர்.

2024இல் வழங்கப்பட்ட 361 மதுபான அனுமதிகளில் 16 கிளிநொச்சிக்கு என்று பாராளுமன்றத்தில் பட்டியல் வந்தபோது, மீண்டும் 1912இன் வாதமே எழுந்தது. திறப்பதா, மூடுவதா? பள்ளிக்கூடத்திலிருந்து எத்தனை மீற்றர்?

அண்மையில் ஏ9 வீதியோரக் கடையொன்றில், கம்பிவலைக்குப் பின்னால் நின்ற பையனிடம், சண்டை வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"சட்டரை இழுத்துவிடச் சொல்லியிருக்கினம், ஐயா."