சாமி வராத ஞாயிற்றுக்கிழமைகள்

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, எங்கள் பங்கில் தமிழ்த் திருப்பலிக்கு வாசகர் அட்டவணை போடும் வேலை என்னுடையது. யாருக்கு முதல் வாசகம், யாருக்கு இரண்டாம் வாசகம், மன்றாட்டுகளை யார் சொல்வது என்று மூன்று மாதத்துக்கு முன்பே எக்செல்லில் போட்டு வைத்துவிடுவேன். பொறியாளர் புத்தி. கோயிலைப் பூட்டியதும் அந்த அட்டவணைக்கு அர்த்தமில்லாமல் போனது.

அந்த வார ஞாயிறு, வீட்டில் எல்லாரும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து யூடியூபில் பூசை பார்த்தோம். இணையம் இரண்டு தடவை நின்று நின்று வந்தது. இரண்டாவது தடவை நின்றபோது பாட்டி எழுந்து தன் அறைக்குப் போனார். செபமாலை சொல்லும் சத்தம் கேட்டது.

"பாட்டி, பூசை இன்னும் முடியல."

"சாமி வராத ஞாயிறு எனக்கு என்ன புதுசா? தோட்டத்துல மாசத்துக்கு ஒருவாட்டி சாமி வந்தா பெருசு. மத்த ஞாயிறெல்லாம் உபதேசியார்தான். அவரு சொல்லுவாரு, நாங்க சொல்லுவோம். அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' எனக்குள் நின்றுவிட்டது. கோயில் பூட்டியதும் எனக்கு எல்லாமே நின்றுபோயிற்று. அவருக்கு ஒன்றும் நிற்கவில்லை. சாமியார் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையை நடத்தும் வித்தையை அவருக்குக் கற்றுக்கொடுத்த அந்த உபதேசியார் யார்? அவர் கையில் இருந்த செபம் எங்கிருந்து வந்தது? வீட்டில் அடைந்து கிடந்த மாதங்களில் தேடிப் படிக்கத் தொடங்கினேன். இந்தக் கட்டுரை அதன் விளைவு.

முதலில் என் காதில் விழுந்தவை சொற்கள். நான் 'அருள்' என்று சொல்லும் இடத்தில் பாட்டி 'பிரியதத்தம்' என்கிறார். நான் 'தூய ஆவி' என்றால் அவருக்கு 'இஸ்பிரீத்து சாந்து'. கடவுள் 'சர்வேசுரன்', வானதூதர் 'சம்மனசு', புனிதர் 'அர்ச்சியசிஷ்டவர்'. சின்ன வயதில் இதையெல்லாம் பாட்டியின் உளறல் என்று நினைத்திருக்கிறேன். உண்மையில் அவை வரலாற்றின் அடுக்குகள். இஸ்பிரீத்து சாந்து பதினாறாம் நூற்றாண்டின் போர்த்துக்கீசியம். சர்வேசுரன், 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலியின் காலத்துச் சமஸ்கிருத அடுக்கு. என் 'தூய ஆவி' இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வந்த தமிழ். பாட்டி ஒரு செபமாலை சொல்லி முடிப்பதற்குள் நானூறு ஆண்டுகளைக் கடந்து வந்துவிடுகிறார்.

கீழடுக்கிலிருந்து தொடங்குகிறேன். 1530களின் நடுவில் முத்துக்குளித்துறையின் பரதவர் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். முத்துக்குளிப்பு உரிமைத் தகராறில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஞானஸ்நானம் கொடுத்தார்களே தவிர, பிறகு கூட இருந்து சொல்லிக்கொடுக்க ஆளில்லை. 1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் அங்கே போய்ச் சேர்ந்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறொன்றும் தெரிந்திருக்கவில்லை. அவருக்கோ தமிழ் தெரியாது.

தமிழும் போர்த்துக்கீசியமும் தெரிந்த சிலரைக் கூட்டி வைத்து, பெரும் சிரமப்பட்டு செபங்களைத் தமிழில் ஆக்கினார். அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ச் சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் விசுவாச மந்திரத்தைப் பிரிவு பிரிவாகச் சொல்வார், கூட்டம் திருப்பிச் சொல்லும். ஒவ்வொரு பிரிவுக்குப் பிறகும் பரலோக மந்திரமும் மங்கள வார்த்தை மந்திரமும். பத்துக் கட்டளைகளுக்கும் இதே முறை. நோயாளிகளின் வீடுகளுக்கு எல்லாம் அவரால் போக முடியவில்லை. சிறுவர்களை அனுப்பினார். அவர்கள் போய் நோயாளியின் பக்கத்தில் நின்று செபம் சொன்னார்கள்.

'சும்மா கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறது' என்று நாம் அலுத்துக்கொள்ளும் அதே வடிவம்தான் இது. ஆனால் அது எந்த நிலைமைக்காக அமைக்கப்பட்டது என்று பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், புத்தகம் இல்லாமல், சாமியார் இல்லாமல், தன் நம்பிக்கை முழுவதையும் வாயில் சுமந்துகொண்டு போக வேண்டும். ஒருவர் மறந்தால் அடுத்தவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு நீண்ட பிரசங்கம் உதவாது. குறுகிய, மாறாத, திரும்பத் திரும்ப வரும் சொற்கள்தான் உதவும்.

ஓர் ஊரில் தங்கி, செபங்களைக் கற்றுக்கொடுத்துவிட்டு, சவேரியார் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அதன் பிறகு அந்த ஊர் யார் பொறுப்பில்? அதற்காக அவர் ஊருக்கு ஊர் நியமித்தவர்கள்தான் கணக்கப்பிள்ளைகள். நம் தோட்டங்களில் கிராணி போல, இலங்கைத் தோட்டங்களில் கணக்கப்பிள்ளை என்ற சொல் வேலைக்காட்டின் அதிகாரத்தைக் குறிக்கும். இந்தக் கணக்கப்பிள்ளைகளின் கணக்கு வேறு. ஊரைக் கூட்டிச் செபம் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குத் தடை ஏதும் உண்டா என்று விசாரிக்க வேண்டும். பிள்ளை சாகக் கிடந்தால் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும். இவர்களுக்குச் சம்பளம் வேண்டுமே! முத்துக்குளிப்பு வருமானத்திலிருந்து போர்த்துக்கீசிய ராணியின் காலணிச் செலவுக்கென்று ஆண்டுதோறும் 4000 பணம் போய்க்கொண்டிருந்தது. அதை உபதேசியார்களுக்குக் கொடுக்கும்படி சவேரியார் ராணி கத்தரீனாவிடம் கேட்டு வாங்கினார். பரலோகம் ஏறுவதற்கு இந்தப் பிள்ளைகளைவிட நல்ல காலணி உங்களுக்குக் கிடைக்காது என்ற பொருளில் அவர் எழுதியதாகச் சொல்வார்கள்.

இதே காலத்தில் நடந்த இன்னொரு விஷயம் என்னை நெடுநாள் விடவில்லை. 1544இல் தன் உடனுழைப்பாளர் மான்சிலாஸுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் சவேரியார் ஒரு பிழையைத் திருத்தச் சொல்கிறார். விசுவாச மந்திரத்தின் தொடக்கத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வர வேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று மொழிபெயர்த்துவிட்டிருந்தார்கள். கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாக, கடவுள் எனக்கு வேணும். கிறிஸ்து பாடுபட்டதைச் சொல்லும் இடத்திலும் ஒரு சொல் தவறு. அது 'பலவந்தத்தால்' என்று பொருள்படும், அவரோ மனமுவந்துதான் பாடுபட்டார், ஆகவே அதையும் மாற்றச் சொல்கிறார். ஒரு கரையோரமே ஓராண்டுக்கு மேல் அந்தப் பிழையோடு செபம் சொல்லியிருக்கிறது.

தமிழ் அச்சின் வரலாறு இந்தப் புள்ளியிலிருந்துதான் கிளம்புகிறது. 1554இல் லிஸ்பனில், தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்ட செபப் புத்தகம் ஒன்று வெளிவந்தது. அதை ஆக்கியவர்களாக விசென்தே தெ நசரேத், ஜோர்ஜ் கர்வால்யோ, தோமா தா குருஸ் என்ற மூன்று தமிழர்களின் பெயர் இருக்கிறது. பெயர் மட்டும்தான் போர்த்துக்கீசியம். 1578 அக்டோபர் 20ஆம் தேதி கொல்லத்தில், தமிழ் எழுத்திலேயே 16 பக்கத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகியது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சான, நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல் அதுதான். அதை ஆக்கிய என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார் 1579இல் 'கிரீசித்தியானி வணக்கம்', 1580இல் பாவசங்கீர்த்தனத்துக்கான ஒரு கையேடு, 1586இல் புனிதர்களின் வரலாறு என்று தொடர்ந்தார். கடலுக்குப் போகும் பரதவர் எத்தனை பேர் அவற்றை எழுத்துக்கூட்டிப் படித்திருப்பார்கள்? ஊருக்கு ஒருவர் படித்தால் போதும். அந்த ஒருவர் உரக்கச் சொல்ல, ஊர் திருப்பிச் சொல்லும். முதல் தமிழ் அச்சுப் புத்தகத்தை நான் இப்போது அந்த ஒருவரின் கையில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

அந்த ஒருவர் எவ்வளவு முக்கியம் என்பதை யாழ்ப்பாணம் காட்டியது. 1658இல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள். அடுத்த முப்பது ஆண்டுகள் ஏறக்குறைய சாமி வராத ஞாயிற்றுக்கிழமைகள்தான். 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் வந்து இறங்கினார். யாரிடமும் வாய் திறந்து கேட்க முடியாது. கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். மாலையைப் பார்த்து யார் முகம் மாறுகிறது என்று கவனித்தார். சில்லாலை ஊரார் அவரை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். ஒரு தலைமுறை முழுக்கப் பூசை காணாதவர்களுக்கு அந்த மணிமாலை என்னவென்று தெரிந்திருந்தது. வீட்டுக்குள் யாரோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

வீரமாமுனிவரை நமக்குத் தேம்பாவணிக்காகவும் சதுரகராதிக்காகவும் தெரியும். அவர் உபதேசியார்களுக்கென்றே ஓர் உரைநடை நூல் எழுதினார் என்பது எனக்கு இந்தத் தேடலில்தான் தெரிந்தது. 1720களின் பிற்பகுதியைச் சேர்ந்த 'வேதியர் ஒழுக்கம்'. வேதியர் என்றால் அகராதி பிராமணர் என்று சொல்லும். முனிவர் அந்தச் சொல்லை எடுத்து, ஊர் ஊராய் நடந்து வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாருக்குக் கொடுத்துவிட்டார். பிறருக்குப் போதிப்பவர் தான் எப்படி வாழ வேண்டும் என்பதுதான் நூலின் அக்கறை. இயேசு சபையாருக்கு ஆத்தும சோதனை என்று ஒரு பழக்கம் உண்டு. நாளுக்கு இரண்டு தடவை நின்று, இதுவரை எப்படி நடந்துகொண்டேன் என்று தன்னையே கேட்டுக்கொள்வது. ஊருக்குச் செபம் சொல்பவர் தன் உள்ளத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற அதே எண்ணம்தான் இந்த நூலிலும் இருக்கிறது.

எல்லாம் பொன்னாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. உபதேசியார்களின் வேலை சாதியை ஒட்டியே பிரிந்து கிடந்தது. வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதிக்கு ஒரு பக்கமாக ஒதுக்கி நடுவில் வைத்த சுவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிபட்டது. சுவரின் இரண்டு பக்கமும் ஒரே மங்கள வார்த்தை மந்திரத்தைத்தான் சொல்லியிருப்பார்கள். செபம் ஒன்றாக இருந்துவிட்டால் மனிதர்கள் ஒன்றாகிவிடுவதில்லை.

இந்தச் செபம் கடல் தாண்டி இங்கே வந்தது தோட்டத் தொழிலாளிகளின் வாயில்தான். 1545இல் சவேரியாரே மலாக்காவுக்கு வந்து செபங்களை மலாயில் ஆக்க முயன்றிருக்கிறார். ஆனால் எங்கள் பாட்டியின் செபம் அந்த வழியில் வந்ததல்ல. கப்பலில் வந்த குடும்பங்களோடும், பாரிஸ் வேதபோதக சபையின் பிரெஞ்சுக் குருக்களோடும் வந்தது. பேராக்கின் பாகான் செராயில் 1880களில் ரெனே ஃபே அடிகளார் தமிழ்க் கத்தோலிக்கருக்கு என்றே ஒரு குடியிருப்பை உண்டாக்கினார். அவர் பின்னால் மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயரானார். அப்படி ஓர் ஊர் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் தோட்டங்களில் சிதறிக் கிடந்தார்கள். சாமி எப்போதாவது வருவார். லயத்துக்குப் பக்கத்துச் சின்னக் கோயிலில் உபதேசியார் முழந்தாளிட்டுத் தொடங்குவார்.

சாமி வந்த நாளிலும் பூசை லத்தீனில். பாட்டி சொல்கிறார்: "அவரு அங்க திரும்பி நின்னுக்கிட்டு அவரு பாட்டுக்குச் சொல்லுவாரு. நாங்க இங்க எங்க பாட்டுக்குச் செபமாலை சொல்லுவோம். மணி அடிச்சா தலை குனிவோம்." ஒரே கூரையின் கீழே இரண்டு வழிபாடு. ஒன்று குருவுடையது, லத்தீன். இன்னொன்று உபதேசியாருடையது, தமிழ்.

1963 டிசம்பரில் வத்திக்கான் சங்கம் தாய்மொழிக்கு வழி திறந்தது. தமிழ் பீடத்தில் ஏறியது. அது பெரிய வெற்றி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தமிழ் பீடத்தில் ஏறியபோது, பீடத்துக்குக் கீழே முழந்தாளிட்டிருந்த தமிழ் மெல்ல அமைதியாகிவிட்டது. குரு தமிழில் சொல்லும்போது உபதேசியார் எதற்கு? பிறகு தோட்டங்களும் துண்டாடப்பட்டன. சின்னக் கோயில்கள் போயின. பட்டணத்துப் பங்கில் ஞாயிறுதோறும் ஃபாதர் இருந்தார், திரையில் வரிகள் வந்தன, என்னிடம் எக்செல் இருந்தது. எதையும் மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

2021 மே 10ஆம் தேதி போப் பிரான்சிஸ், உபதேசியார் பணியைத் திருச்சபையின் முறையான பொதுநிலையினர் திருப்பணியாக அறிவித்தார். முத்துக்குளித்துறைக் கணக்கப்பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 480 ஆண்டுகள் கழித்து.

அதே ஆண்டு, கட்டுப்பாடு மறுபடியும் இறுகியிருந்த நாட்களில், என் பெரியம்மா கோவிட்டில் இறந்துபோனார். அடக்கத்துக்குச் சிலருக்குத்தான் அனுமதி. இரவு எல்லாரும் வாட்சாப் அழைப்பில் சேர்ந்தோம். பாட்டி தொடங்கினார். பாதியில் குரல் உடைந்துவிட்டது. செத்தது அவருடைய மூத்த மகள். "நீ சொல்லுப்பா" என்றார்.

எனக்கு வரவில்லை. ஐந்தாண்டு வாசகனாக இருந்தவன் நான். செபத்தைத் தேடிக் கைப்பேசியில் விரலை ஓட்டினால், அழைப்புத் திரை மறைந்து மறைந்து போகிறது. எல்லாரும் காத்திருந்தார்கள். கடைசியில் கோலக்கங்சாரிலிருந்து ஒரு மாமா எடுத்துக் கொடுத்தார். அவர் விட்ட இடத்தில் இன்னொரு சித்தி. அப்படியே சுற்றி வந்து முடிந்தது. ஒருவர் மறந்தால் அடுத்தவர் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று மேலே எழுதினேனே, அதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இப்போது வெள்ளிக்கிழமை இரவுகளில் பாட்டியோடு உட்கார்ந்து செபமாலை சொல்கிறேன், கைப்பேசி இல்லாமல். அவர் 'பிரியதத்தம்' என்கிறார், நான் 'அருள்' என்கிறேன். இருவரும் விட்டுக்கொடுப்பதில்லை. விசுவாச மந்திரம் வரும்போது மட்டும் எனக்குள் ஒரு சின்னத் தயக்கம். 'விசுவசிக்கிறேன்' என்ற சொல்லை முழு மனதோடு சொல்கிறேனா என்று பெரியம்மா போன பிறகு எனக்கே தெரியவில்லை. அப்போதெல்லாம் சவேரியார் திருத்தச் சொன்ன அந்தப் பிழை நினைவுக்கு வரும். மணப்பாட்டிலோ புன்னைக்காயலிலோ ஏதோ ஒரு குடிசைக் கோயிலில் கணக்கப்பிள்ளை சொல்லிக்கொடுக்க, ஈர மணலில் உட்கார்ந்து ஊரே திருப்பிச் சொன்ன அந்த 'எனக்கு வேணும்'. அதை மட்டும் என்னால் பொய்யில்லாமல் சொல்ல முடியும்.