மஸ்கட் ஹாம்பர்க் வெள்ளை ஒயின்

மஸ்கட் ஹாம்பர்க் வெள்ளை ஒயின், கறுப்புத் திராட்சையிலிருந்து எடுக்கப்படும் வெளிர்நிற ஒயின். நாகல் நகர் உட்படத் திண்டுக்கல் கடைத்தெருக்களில் பன்னீர் திராட்சை என்று விற்கப்படுவது இதே திராட்சைதான். உள்ளூரில் கையால் பறித்துத் தின்னும் பழமாகவே அறியப்பட்ட இது, பிற நாடுகளில் ஒயினாகவும் பெயர் பெற்றது.

கறுப்புப் பழம் வெள்ளை ஒயின் தருவதில் வியப்பில்லை. நிறமெல்லாம் தோலில் இருக்கிறது; சதையின் சாறு வெளிறியது. பழத்தை நசுக்கியதும் தோலோடு ஊறவிடாமல் சாற்றைப் பிரித்தால் நிறம் இறங்காது, துவர்ப்பும் ஏறாது.

பிறப்பு

ஸ்கியாவா கிராசா, மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா என்ற இரு ரகங்களின் கலப்பு இது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் தோன்றியது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-இல் மதுரைச் சீமைக்குத் திராட்சையைக் கொண்டுவந்தார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. அந்த ஆண்டு சரியென்றால், அவர் கொண்டுவந்தது இன்றைய பன்னீர் ரகமாக இருக்க முடியாது.

விளையும் நிலம்

சிறுமலை அடிவாரத்து வெள்ளோடு, கொடைரோட்டை அடுத்த ஜாதிக்கவுண்டன்பட்டி ஆகியவை திண்டுக்கல் மாவட்டத்தில் இது விளையும் ஊர்கள். இன்னும் பெரிய பரப்பு தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ளது. அங்கு விளையும் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது.

ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் கொடி இலையுதிர்த்து உறங்கும். ஆண்டுக்கு ஒரே அறுவடை. இங்கே அந்த உறக்கம் கிடையாது. பந்தலில் படர்ந்த கொடியைக் கவாத்து செய்தால் ஏறக்குறைய நான்கு மாதத்தில் குலை பழுத்துவிடும். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் மாறுவதால் ஆண்டு முழுவதும் எங்காவது அறுவடை நடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் பெரும் பகை: பழம் வெடிக்கும், அடிச்சாம்பல் நோய் பரவும். வெப்பமான இரவுகளில் பழத்தின் புளிப்பும் வேகமாகக் குறைகிறது. புளிப்பை நம்பி நிற்கும் வெள்ளை ஒயினுக்கு இது ஒரு குறை.

ஒயினின் இயல்பு

ரோஜா மணமே இதன் முதல் அடையாளம். ஜெரானியால், லினலூல் ஆகிய நறுமணப் பொருட்கள் அந்த மணத்தைத் தருகின்றன. ஜெரானியால் ரோஜா எண்ணெயிலும் உண்டு. வெப்பத்தில் மணம் பறந்துவிடும் என்பதால் சாற்றைக் குளிரூட்டிய கலன்களில் நொதிக்கவைப்பார்கள். ஆண்டுக்கணக்கில் தேக்கிவைக்க ஏற்றதல்ல. இளமையிலேயே, நன்கு குளிரவைத்துப் பரிமாறுவது வழக்கம்.

இத்தகைய ஒயினுக்கு எடுத்துக்காட்டு சீனாவில் கிடைக்கிறது. தியான்ஜின் நகரில் 1980-இல் பிரான்சின் ரெமி மார்ட்டின் நிறுவனத்தோடு கூட்டாகத் தொடங்கப்பட்ட டைனஸ்டி ஆலை, இதே திராட்சையில் லேசான இனிப்புள்ள வெள்ளை ஒயின் தயாரித்துத்தான் பெயர் பெற்றது. கிரீஸின் திர்னவோஸ் பகுதியிலும் இத்திராட்சையில் ஒயின் தயாரிக்கிறார்கள். இந்தியாவிலோ வெள்ளை ஒயினின் தலைமையிடம் மகாராஷ்டிரத்தின் நாசிக்; அங்கு ஆள்பவை செனின் பிளாங்க், சாவிக்னான் பிளாங்க் ரகங்கள்.

உணவுத் துணை

துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயினும், ஆல்கஹால் கூடிய எந்த ஒயினும் மிளகாய்க் காரத்தை மேலும் எரியவிடும். இனிப்பு கொஞ்சம் தங்கிய, ஆல்கஹால் குறைந்த மஸ்கட் அந்த எரிச்சலைத் தணிக்கும். ஆகவே சீரகச் சம்பாவும் மிளகும் மணக்கும் திண்டுக்கல் பிரியாணி, மிளகுக் கோழி, மீன் வறுவல் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். புளி தூக்கலான குழம்புக்கு முன் இதன் குறைந்த புளிப்பு சப்பென்று போய்விடும்.

திண்டுக்கல் சமவெளியில் விளையும் பன்னீர் திராட்சை பெரும்பாலும் பழமாகவே சந்தைக்குப் போகிறது. வீட்டில் நாமே நொதிக்கவைத்துப் பார்க்கலாமே என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம்.