தோல் தொட்டியில் இருந்து பல்பொடி வரைக்கும்: கடுக்காயின் கதை

"கடுக்காய் ஒரு இயற்கை ஆன்டிபயாட்டிக்"னு ஒரு ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கும். அது எவ்வளவு தூரம் உண்மைன்னு தெரிஞ்சுக்க, நாட்டு மருந்துக் கடைக்கு முன்னாடி ஒரு தோல் தொட்டிக்குப் போவோம்.

பிரிட்டிஷ் காலத்துல சென்னை மாகாணத்தின் முக்கியமான ஏற்றுமதிகள்ல ஒண்ணு, பதனிட்ட தோல். ஆவாரம்பட்டை ஊறின தண்ணியில தோலைப் போடுவாங்க. கடைசியா கடுக்காய்த் தண்ணி. ரெண்டுலயும் இருக்கறது டானின், அதாவது நாக்குல படுற அந்தத் துவர்ப்பு. காய்ந்த கடுக்காய்ல சுமார் 30 சதவீதம் டானின்தான்.

பச்சைத் தோலை அழுக வைக்கிறது பாக்டீரியா. டானின் போய்த் தோல்ல இருக்கற கொலாஜன் புரதத்தை இறுக்கிப் பிடிச்சுக்கும். அப்புறம் பாக்டீரியாவால அதை உடைச்சுத் தின்ன முடியாது. 1912-ல் சேம்பர்ஸ் தொடங்கின குரோம் லெதர் கம்பெனி, குரோமியம் உப்பை வெச்சு இதே வேலையை வேகமா முடிச்சது. குரோம்பேட்டைக்குப் பேர் வந்தது அப்படித்தான்.

கடுக்காய்க்கு இன்னொரு குணமும் உண்டு. அதோட அன்னபேதியைக் கலந்தா கறுப்பு மை. காரணம், டானின் இரும்பையும் பிடிச்சுக்கும். பாக்டீரியா வளரவும் இரும்பு வேணும்.

இப்போ லேபுக்கு வருவோம். கடுக்காய்ல இருக்கற கெபுலாஜிக், கெபுலினிக், காலிக் அமிலங்களைப் பிரிச்சுப் பார்த்திருக்காங்க. சீழ் பிடிக்க வைக்கிற ஸ்டஃபைலோகாக்கஸ், பல்சொத்தைக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் ரெண்டையும் கடுக்காய்ச் சாறு ஆய்வகத்துல தடுத்திருக்கு. பிடிக்கிறது அதே பிடிதான்: பாக்டீரியாவின் புரதம், அதுக்கு வேண்டிய இரும்பு.

ஆனா இங்கதான் சிக்கல். டானினுக்கு பாக்டீரியாவின் புரதம், நம்ம எச்சில் புரதம், சாப்பாட்டுப் புரதம்னு பெருசா வித்தியாசம் தெரியாது. அந்தப் பெரிய மூலக்கூறுகள் குடலைத் தாண்டி முழுசா ரத்தத்துக்குப் போறதும் ரொம்பக் குறைவு. குடல் கிருமிகளே அதை உடைச்சுடும். அதனால கண்ணாடித் தட்டுல கிடைச்ச பலன் ரத்தத்துலயும் கிடைக்கும்னு சொல்லிட முடியாது.

பழைய பயன்பாடுகளைப் பாருங்க: பல்பொடி, வாய் கொப்பளிக்கிறது, புண் கழுவுறது. எல்லாமே நேரடியாப் படுற இடம். அந்த அனுபவ அறிவுக்கு மரியாதை கொடுப்போம். டைஃபாய்டுக்கு டாக்டர் எழுதின மாத்திரையைப் பாதியில நிறுத்திட்டுக் கடுக்காய்ப் பொடிக்கு மாறினா, நோய்க்கு இல்ல, நமக்கு நாமே கடுக்காய் கொடுத்துக்கறோம்.