பிட்ஸ்பர்க்கின் புகையும் பாரிஸ் ஒப்பந்தமும்

2017 ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் நின்று, பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா விலகும் என அதிபர் டொனால்ட் டிரம்ப் அறிவித்தார். தாம் பிட்ஸ்பர்க் மக்களின் சார்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரே அன்றிப் பாரிஸ் மக்களின் சார்பாளர் அல்லர் என்று அவ்வுரையில் கூறினார். முதலெழுத்து ஒன்றி வரும் மோனை அவ்வுரையை எழுதியவர்களை மயக்கியிருக்க வேண்டும். தமிழ் படித்த நமக்கு அந்த மயக்கம் புரியாததன்று. ஆனால் மோனைக்கு வாய்த்த ஊர் பொருளுக்கு வாய்க்கவில்லை. சில மணி நேரத்துக்குள் பிட்ஸ்பர்க் நகர மேயர் பில் பெடூட்டோ, தம் நகரம் பாரிஸ் ஒப்பந்தத்தையே பின்பற்றும் என்று மறுமொழி கூறினார். மறுநாளே, 2035க்குள் நகராட்சியின் மின்தேவை முழுவதையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலிருந்து பெறுவதை இலக்காக வைத்து ஆணையும் பிறப்பித்தார். முந்தைய ஆண்டுத் தேர்தலில் பென்சில்வேனியா மாநிலம் ஏறத்தாழ 44,000 வாக்கு வேறுபாட்டில் டிரம்பைத் தேர்ந்தது உண்மை. அம்மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகரமோ தன் வாக்குகளில் நான்கில் மூன்று பங்கை ஹிலாரி கிளின்டனுக்கு அளித்திருந்தது.

நம்மவர் பலருக்குப் பிட்ஸ்பர்க் என்றதும் 1970களில் அங்கே எழுந்த வெங்கடேசர் கோயில் நினைவுக்கு வரும். அமெரிக்கருக்கோ எஃகும் நிலக்கரியும் நினைவுக்கு வரும். நிலக்கரியால் வாழ்ந்த ஊர், நிலக்கரிக்கு எதிரான ஒப்பந்தத்தின் பக்கம் நின்றது எப்படி? நகரத்தார் படித்தவர்கள், ஆகவே அறிவியலை ஏற்கின்றனர். நாட்டுப்புறத்தார் அப்படியல்லர் என்பது பத்திரிகைகளில் வழக்கமாகக் கிடைக்கும் விடை. அவ்விடையில் நமக்கு நிறைவில்லை. அந்நகரின் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டினால் வேறொரு கதை தெரிகிறது.

அலெகெனி, மொனாங்ககீலா என்னும் ஈராறுகள் கூடி ஒகையோ ஆறாகும் இடத்தில் அமைந்தது பிட்ஸ்பர்க். எதிர்க்கரைக் குன்றிலேயே நிலக்கரி கிடைத்தது. அக்குன்றுக்குக் கரிமலை என்றே ஒரு காலத்தில் பெயர். மென்மையான, எளிதில் பற்றும், மிகுதியாகப் புகையும் கரி அது. 1868 இல் அங்கே சென்ற ஜேம்ஸ் பார்ட்டன் என்னும் எழுத்தாளர், இரவில் குன்றின் மேலிருந்து நகரைப் பார்த்துவிட்டு, மூடி கழற்றிய நரகத்தோடு அதனை ஒப்பிட்டார். இவ்வொப்புமையை எல்லோரும் எடுத்தாள்வர். நம்மைக் கவர்ந்தது அதே கட்டுரையின் வேறொரு செய்தி. அவ்வூரார் தம் புகையைப் பற்றி வருந்தவில்லையாம். கரிப்புகை நச்சுக்காற்றை முறிக்கும், காய்ச்சலைத் தடுக்கும், வெளிச்சத்தின் கூர்மையைத் தணித்துக் கண்ணைக் காக்கும் என்று வந்தவரிடம் வாதிட்டனராம். புகை வந்தால் ஆலை ஓடுகிறது, ஆலை ஓடினால் கூலி வருகிறது. கூலி தருவதைப் பழிக்க யாருக்கு மனம் வரும்?

இம்மனநிலை நமக்கு அயலானதன்று. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாட வந்த பட்டினப்பாலை, சோழநாட்டு வளத்தைச் சொல்லுமிடத்தில் கரும்பாலையின் தீவெம்மைபட்டு அருகிலுள்ள வயலின் நெய்தற்பூக்கள் வாடியதைக் குறிக்கிறது. புலவர் அதனைக் கேடாகச் சொல்லவில்லை; வளத்தின் அடையாளமாகவே சொல்கிறார். வாடிய பூவைக் கண்டதும் அதனைப் பாட்டில் வைத்ததும் அவர் பெருமை. பிட்ஸ்பர்க்கில் பூ வாடியதைச் சொல்ல இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின.

முதல் திருப்பம் தற்செயலாக வந்தது. 1880களின் நடுவில் பக்கத்து ஊர்களில் இயற்கை எரிவாயு கிடைத்து, குழாய் வழியே நகருக்கு வந்தது. ஆலைகளும் வீடுகளும் அதற்கு மாறின, வானம் தெளிந்தது. சில ஆண்டுகளில் ஊற்றுகள் தளர, மீண்டும் கரி, மீண்டும் புகை. ஆனால் தெளிந்த வானத்தைக் கண்ட கண்கள் இப்போது முணுமுணுத்தன. முதலில் குரல் எழுப்பியவர்கள் மகளிர் சங்கத்தார். திரைச்சீலையையும் துணியையும் நாளெல்லாம் துவைத்தவர்களுக்குத்தானே புகையின் விலை தெரியும். 1911 முதல் சில ஆண்டுகள் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில், மெல்லன் குடும்பத்தின் பொருளுதவியோடு, புகை பற்றிய விரிவான ஆய்வு நடைபெற்றது. சலவை, வெள்ளையடிப்பு, விளக்கு, கெட்டுப்போன சரக்கு எனக் கணக்கிட்டு, புகையால் நகருக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு கோடி டாலர் இழப்பு என்றது அது. நலவாழ்வை முன்வைத்த வாதம் எடுபடாத ஊரில் கணக்குப்புத்தகம் சிறிது எடுபட்டது. சட்டங்கள் இயற்றப்பட்டன; நடைமுறைக்குத்தான் வரவில்லை. நண்பகலில் தெருவிளக்கு எரிந்ததையும், அலுவலகம் செல்வோர் மாற்றுச் சட்டை ஒன்றைக் கையோடு கொண்டு சென்றதையும் அவ்வூர் முதியோர் பிற்காலத்திலும் கதைகதையாகச் சொல்வார்கள்.

1941 இல் இயற்றப்பட்ட புகைக்கட்டுப்பாட்டுச் சட்டமே உண்மையான முறிவு. முந்தைய ஆண்டு செயின்ட் லூயிஸ் நகரம் இவ்வகைச் சட்டத்தால் பயன் கண்டிருந்தது. அதனைப் பார்த்து வரப் பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு குழு சென்றது. இச்சட்டம் ஆலைகளோடு நிற்கவில்லை, வீட்டு அடுப்புக்குள்ளும் நுழைந்தது. இனிப் புகையில்லாத எரிபொருளை வாங்க வேண்டும், அல்லது கரியைச் சீராக ஊட்டும் பொறியைப் பொருத்த வேண்டும். இரண்டுக்கும் பணம் வேண்டும். போர் வந்ததால் சட்டம் ஒத்திவைக்கப்பட்டது. 1946 ஜனவரியில் மேயரான டேவிட் லாரன்ஸ் அதனைக் கையிலெடுத்தார். ஆலைகளுக்கும் ரயில்களுக்கும் 1946 அக்டோபரிலும், வீடுகளுக்கு 1947 அக்டோபரிலும் அது நடைமுறைக்கு வந்தது. தொழிலாளர் வாக்கில் வென்ற ஜனநாயகக் கட்சிக்காரர் லாரன்ஸ்; அவரோடு கைகோத்தவர் குடியரசுக் கட்சியைச் சார்ந்த பெருஞ்செல்வர் ரிச்சர்ட் கிங் மெல்லன். ரயில் நிறுவனம் முரண்டியபோது மெல்லனின் சொல்லே அதனைப் பணிய வைத்தது. வீடுவீடாகச் சென்று அடுப்பைச் சோதிக்க இயலாதென்று கண்ட நகராட்சி, கரி விற்கும் கிடங்கிலும் கரி ஏற்றி வரும் வண்டியிலும் கை வைத்தது. நிர்வாகக் கலையில் இதனை ஒரு நல்ல பாடமாக வைக்கலாம்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. மலிவுக்கரியை நம்பிக் குளிர்காலம் கழித்த ஏழைகள் கூடுதல் விலை கொடுக்க நேர்ந்தது. அவர்களுக்கு 'லிட்டில் ஜோ', அதாவது சின்ன ஜோ, என்று அரசியல் மேடைகளில் பெயர் வழங்கியது. பணக்காரர் வானம் பார்க்கச் சின்ன ஜோ குளிரில் நடுங்குவதா என்ற கேள்வி 1949 ஆம் ஆண்டுக் கட்சி உள்தேர்தலில் லாரன்ஸுக்கு எதிரான முழக்கமாயிற்று. அக்கேள்வியைப் பொய் என்று தள்ள நம்மால் முடியவில்லை. சுமை ஏழையின் மேல்தான் கூடுதலாக விழுந்தது. ஆயினும் லாரன்ஸ் வென்றார். காரணம், இரண்டு குளிர்காலத்துக்குள் வெயில் தெரிந்தது. தியாகம் செய்தவரே தம் வாழ்நாளில், தம் தெருவில், பயனைக் கண்டார். கரியை வீட்டிலிருந்து வெளியேற்றியது சட்டம் மட்டுமன்று என்பதையும் சொல்ல வேண்டும். அதே ஆண்டுகளில் தெற்கிலிருந்து குழாய் வழியே மலிவாக எரிவாயு வந்தது. ரயில்கள் டீசலுக்கு மாறின. 1940 இல் ஐந்தில் நான்கு வீடுகளில் எரிந்த நிலக்கரி, 1950 இல் மூன்றில் ஒரு வீட்டளவுக்குக் குறைந்தது. சட்டமும் சந்தையும் ஒரே திசையில் வீசிய அரிய காலம் அது.

இதனிடையே 1948 அக்டோபர் இறுதியில், அதே மொனாங்ககீலா ஆற்றங்கரையில், பிட்ஸ்பர்க்குக்குத் தெற்கே உள்ள டொனோரா என்னும் ஆலையூரில் ஐந்து நாள் காற்று அசையாமல் நின்றது. துத்தநாக ஆலையின் நச்சுப்புகை பள்ளத்தாக்கிலேயே தங்கியது. இருபது பேர் இறந்தனர். ஏறத்தாழ 14,000 பேர் வாழ்ந்த ஊரில் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். ஆலை நிறுவனம் அதனை இறைவன் செயல் என்றது. அமெரிக்க மைய அரசின் காற்றுத்தூய்மைச் சட்டங்கள் 1955, 1963, 1970 எனப் படிப்படியாக வந்ததற்குப் பின்னால் டொனோராவின் நினைவும் உண்டு.

பின்னர் எஃகுத் தொழில் சரிந்தது. 1950 இல் 6,76,806 ஆக இருந்த பிட்ஸ்பர்க்கின் மக்கள்தொகை 2020 இல் 3,02,971. ஆலைகள் இருந்த இடங்களில் மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் தலையெடுத்தன. ஆலை இல்லாத நகரத்தார் ஆலைக்கு எதிராகப் பேசுவதில் என்ன வியப்பு என்று நம் வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்; பாதி விடை அதிலேயே இருக்கிறது. ஆனால் வானம் தெளிந்தபோது ஆலைகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன என்பதை மறக்கலாகாது. புகை இல்லாமலும் கூலி வரும் என்பதை அந்நகரம் தன் அனுபவத்தில் கண்டது, ஆலைகள் மூடப்படுவதற்கு முப்பதாண்டுகள் முன்பே.

இனி நாடு முழுமைக்கும் வருவோம். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவுண்டி வாரியாக, அதாவது நம் மாவட்டம் போன்ற பிரிவு வாரியாக, பருவநிலை பற்றிய மக்கள் கருத்தை மதிப்பிட்டு வந்துள்ளனர். 2020 ஆம் ஆண்டு மதிப்பீட்டில், புவி வெப்பமடைந்து வருகிறது என்போர் நாட்டில் 72 விழுக்காட்டினர். அதற்கு மனிதரே முதன்மைக் காரணம் என்போர் 57. எதிர்காலத் தலைமுறைக்குத் தீங்கு நேரும் என்போர் 71. தமக்கே நேரும் என்போர் 43 மட்டுமே. பிட்ஸ்பர்க் அடங்கிய அலெகெனி கவுண்டி இவற்றில் நாட்டைவிடச் சில புள்ளிகளே முன்னிற்கிறது. தேர்தல் முடிவில் தெரியும் பெரும்பிளவு இங்கே தெரியவில்லை.

அதே மதிப்பீட்டில், கரியமில வாயுவை மாசாகக் கருதிக் கட்டுப்படுத்த வேண்டும் என்போர் 75 விழுக்காட்டினர். அதாவது, மனிதரே காரணம் என்று ஏற்போரைவிட, கட்டுப்படுத்தச் சொல்வோர் பதினெட்டுப் புள்ளி அதிகம்! தர்க்கத்துக்குப் பொருந்தாதது போலத் தோன்றும் இவ்வெண்ணுக்கு விளக்கம் 'மாசு' என்ற சொல்லில் இருப்பதாக நாம் கருதுகிறோம். பருவநிலை என்பது தொலைவிலுள்ளது, பிறருக்கு நேர்வது, கட்சிக்கொடி கட்டப்பட்டது. மாசு என்பது தம் வீட்டுச் சாளரத்தில் படிவது. கரியமில வாயுவும் காற்றுத்தூய்மைச் சட்டத்தின் பொருளில் மாசே என்று 2007 இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, மக்கள் மனத்திலும் அந்தச் சொல்லே வேர்கொண்டிருந்தது. பிட்ஸ்பர்க் மற்றவர்களினும் முன்னதாக, மிக அழுத்தமாக, அச்சொல்லைக் கற்ற ஊர். ஆயின் கரிப்புகையைப் போலக் கரியமில வாயு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனைக் குறைத்தவர் இரண்டு குளிர்காலத்துக்குள் வெயிலைக் காணப் போவதுமில்லை. லாரன்ஸுக்கு வாய்த்த வாய்ப்பு பெடூட்டோவுக்கு வாய்க்கவில்லை. 2021 உள்தேர்தலில் அவர் தோற்றார். அதே ஆண்டு பாரிஸ் ஒப்பந்தத்தில் மீண்டும் சேர்ந்த அமெரிக்கா, 2025 ஜனவரி 20 அன்று மறுபடியும் விலக ஆணையிட்டது.

நகரத்துக்கும் நாட்டுக்கும் உள்ள இடைவெளியைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அரைமணிப் பயணத்தில் உள்ள கிளேர்டனில் நாட்டின் மிகப்பெரிய கோக்கரி ஆலை இருக்கிறது. 2025 ஆகஸ்டில் அங்கு நேர்ந்த வெடிப்பில் தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். பாறையை உடைத்து எரிவாயு எடுப்பதை 2010 நவம்பரில் தன் எல்லைக்குள் ஒருமனதாகத் தடைசெய்தது பிட்ஸ்பர்க் நகர்மன்றம். ஒரு காலத்தில் நகரின் வானத்தைத் தெளிய வைத்த அதே எரிவாயுதான் என்பதை ஓரமாகக் குறித்துக்கொள்வோம். நகருக்குத் தெற்கே வாஷிங்டன் கவுண்டியிலோ அத்தகைய கிணறுகள் ஆயிரத்துக்கும் மேல். நிலத்துக்குக் கீழிருக்கும் வாயுவுக்கு உரிமைப்பணம் பெறும் உழவரும், கிணற்றில் வேலை பார்க்கும் இளைஞரும் வாழும் இடம் அது. சின்ன ஜோ இப்போது குடியிருப்பது அங்கேதான். டொனோராவும் அந்தக் கவுண்டியைச் சேர்ந்ததே. 1948 இல் மாண்டவர்களை நினைவுகூர 2008 இல் அங்கே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தூய காற்று தொடங்கியது இவ்வூரில் என்பது அதன் முழக்கம். 2016, 2020, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் வாஷிங்டன் கவுண்டி டிரம்புக்கே பெரும்பான்மை அளித்தது.