எங்கட பெயர் யாருடைய கொப்பியில் இருக்கு?

1983 யூலையில் கொழும்பில் தமிழரின் வீடுகளைத் தேடி வந்த கும்பல்கள் சிலவற்றின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. எந்த ஒழுங்கையில் எந்த வீடு தமிழருடையது என்று அவர்கள் யாரையும் கேட்கத் தேவைப்படவில்லை, இடாப்பே சொல்லிக் கொடுத்தது. எங்கட வீடுகளில் திரும்பத் திரும்பக் கதைக்கப்படுகிற விசயம்தான் இது. ஆனால் அந்த இடாப்பு யாரையும் கொல்வதற்காக எழுதப்பட்டதில்லை, வாக்குப் போடுவதற்காக எழுதப்பட்டது என்பதை நாங்கள் அவ்வளவாக யோசிப்பதில்லை. நல்ல நோக்கத்துக்கு எழுதின ஒரு பட்டியல், கை மாறியதும் வேற வேலை பார்த்தது.

நோயாளர் தரவுத் திருட்டைப் பற்றி எழுதும்போது இங்கேயிருந்து தொடங்குவதற்கு அதுதான் காரணம். அதைக் கம்ப்யூட்டர் படிச்ச ஆக்களின் பிரச்சினை என்று நினைத்து விட்டுவிடுகிறோம். எனக்கு அது பட்டியல்களின் வரலாறாகத்தான் தெரிகிறது.

1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்களைப் பதிவுசெய்தல் சட்டத்தின் கீழ் வந்ததுதான் தேசிய அடையாள அட்டை. 1972இலிருந்து அது மக்கள் கைக்கு வந்தது. போர்க்காலத் திருகோணமலையில், கடற்படைத் தளம் இருக்கிற இந்தத் துறைமுக நகரில், ஐசி இல்லாமல் தெருவில் இறங்க ஏலாது. நீண்ட காலமாக வடக்கு, கிழக்கில் கொடுத்த அட்டையில் சிங்களமும் தமிழும் இருந்தன. மற்ற இடங்களில் கொடுத்ததில் சிங்களம் மட்டும். 2014இல்தான் எல்லோருக்கும் இரண்டு மொழியும் வந்தது. சோதனைச் சாவடியில் நின்றவர் பெயரைக்கூட வாசிக்கத் தேவையில்லை, எழுத்தைப் பார்த்தாலே போதும். எங்கட வசதிக்காகப் போட்ட எழுத்து எங்களையே அடையாளம் காட்டியது.

அட்டையின் இலக்கமும் வாய் திறந்து பேசும். பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு 500ஐக் கூட்டுவார்கள். 2016இல் வந்த 12 இலக்க முறையிலும் இதே கணக்குத்தான், வருடம் மட்டும் முழுதாக வரும். ஆகவே ஐசி நம்பரைக் கொடுக்கிறவர் பிறந்த திகதியையும் பாலையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்.

இந்த நம்பரை நாங்கள் சனலிங் கவுண்டரிலும் லாபிலும் கேட்டவுடன் சொல்லிவிடுகிறோம். முந்தி அரசாங்க ஆஸ்பத்திரியின் கிளினிக் கொப்பி எங்கட கையிலதான் இருந்தது. தொலைந்தால் ஒருவருடைய கொப்பி மட்டும்தான் தொலையும். இப்போது பதிவுகள் கம்ப்யூட்டருக்குப் போகின்றன. அது வைத்தியத்துக்கு நல்லதுதான். ஆனால் ஒரு கதவு திறந்தால் எல்லோருடைய கொப்பியும் ஒன்றாகப் போய்விடும்.

அப்படிப் போன இடம் சிங்கப்பூர். 2018 யூன் கடைசியிலும் யூலைத் தொடக்கத்திலும் சிங்ஹெல்த் என்ற பெரிய மருத்துவக் குழுமத்திலிருந்து 15 இலட்சம் நோயாளரின் தரவு திருடப்பட்டது. பெயர், அடையாள இலக்கம், விலாசம், பால், இனம், பிறந்த திகதி எல்லாம் அதில் இருந்தன. சுமார் 1,60,000 பேருக்குக் கொடுத்த மருந்து விபரமும் போனது. அவர்களில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கும் ஒருவர். பெயர், விலாசம், இனம் என்கிற வரிசையை ஒருதரம் திருப்பி வாசியுங்கள். 1983இன் இடாப்பைவிட இது எவ்வளவு கூடச் சொல்கிறது!

அடுத்த வருடம் சனவரியில் அதே நாட்டில் எச்.ஐ.வி. தொற்றுள்ள 14,200 பேரின் விபரம் இணையத்தில் கசிந்தது தெரியவந்தது. வங்கி அட்டை களவுபோனால் புது அட்டை எடுக்கலாம். நோயையும் பிறந்த திகதியையும் மாற்ற ஏலுமா? ஆளுக்கு ஆள் தெரிந்த எங்கட ஊர் மாதிரி இடத்தில், அப்படி ஒரு வரி வெளியில் வந்தால் ஒரு குடும்பத்தின் நிலைமை என்ன ஆகும்?

அடையாளத் திருட்டு இந்த இடத்தில்தான் நுழைகிறது. உங்கட நோயும் நீங்கள் போன கிளினிக்கும் தெரிந்த ஒருவர், அங்கேயிருந்து கதைக்கிற மாதிரிக் கதைத்து ஓ.டி.பி. கேட்டால் நம்பாமல் இருப்பது கஷ்டம். உங்கட பெயரில் சிம்மோ கடனோ எடுக்கப் பார்க்கலாம். வேறொருவர் உங்கட பெயரில் வைத்தியம் செய்தால், அவருடைய இரத்த வகை உங்கட பதிவில் ஏறும். அது உயிரோடு விளையாடுகிற பிழை.

சிங்கப்பூரில் விசாரணைக் குழு அமைத்து, அறிக்கையை வெளியிட்டார்கள். கணினிப் பொறுப்பை வைத்திருந்த நிறுவனத்துக்கு 7,50,000 டொலரும் சிங்ஹெல்த்துக்கு 2,50,000 டொலரும் தண்டம் விதித்தார்கள். 2019 செப்டெம்பரிலிருந்து, சட்டம் கேட்டாலோ ஆளை உறுதிசெய்வது மிக அவசியமென்றாலோ தவிர தனியார் நிறுவனங்கள் அடையாள இலக்கத்தை வாங்கக் கூடாது என்ற விதி அங்கே நடைமுறைக்கு வந்தது.

எங்களிடமும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எதற்காக எடுத்த தரவோ அதற்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறது அது. சுகாதாரத் தரவை விசேட வகையாகவும் வைத்திருக்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. இதற்கிடையில், 2023 ஓகஸ்டில் அரசாங்க மேகக் கணினியைத் தாக்கினார்கள். சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகளின் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட தரவு அழிந்தது.

சட்டம் வரும்வரை கை கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. கவுண்டரில் ஐசி நம்பர் கேட்டால் "எதுக்கு?" என்று மரியாதையாகக் கேட்கலாம். லாப் ரிப்போர்ட்டைக் குடும்ப வாட்ஸ்அப் குழுமத்தில் போடாமல் விடலாம். பழைய துண்டுகளைக் கிழித்துவிட்டு எறியலாம். ஐசியில் எத்தனை சிம் பதிவாகியிருக்கு என்று தொலைபேசி நிறுவனத்திடம் விசாரிக்கலாம். பெயரில் கடன் ஏதும் இருக்கா என்று கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை எடுத்துப் பார்க்கலாம். அம்மம்மாவுக்கு வருகிற போனில் ஓ.டி.பி. கேட்டால் சொல்லக்கூடாது என்று அவவுக்கு விளங்கப்படுத்துவது எங்கட வேலை.

பட்டியல்கள் இல்லாமல் ஆஸ்பத்திரி நடக்காது. ஆனால் பட்டியல் யாருடைய கைக்குப் போகும் என்று கேட்கிற உரிமையை, எங்கட சனத்தைப் போல விலை கொடுத்து வாங்கியவர்கள் குறைவு. அந்தக் கேள்வியைக் கவுண்டரிலும் கேட்போம்.