புள்ளிகளுக்காக ஒரு போராட்டம்

1994-இல் சூப்பர் ஃபேமிகாம் கருவிக்காக ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு ஃபைனல் ஃபேன்டஸி 6. அதன் பாத்திரங்கள் எல்லாம் குட்டிக் குட்டிப் புள்ளிச் சித்திரங்கள்தாம். ஆனாலும் அவை தலைகுனிந்தால் ஆடுபவருக்கும் மனம் கனத்தது.

20 ஆண்டுகள் கழித்து, 2014-இல், அதே விளையாட்டு ஆண்ட்ராய்டுக்கும் ஐஃபோனுக்கும் வந்தது. பாத்திரங்களைப் பளபளவென்று புதிதாக வரைந்திருந்தார்கள். ரசிகர்கள் மகிழ்ந்தார்களா? இல்லை! பாத்திரங்கள் பின்னணியோடு ஒட்டவில்லை, பழைய உயிர் போய்விட்டது என்று பலரும் குறைப்பட்டார்கள். 2021-இல் அந்தப் பதிப்பின் விற்பனை நிறுத்தப்பட்டது.

2022 பிப்ரவரியில் பிக்சல் ரீமாஸ்டர் பதிப்பு கைபேசிக்கும் கணினிக்கும் வந்தது. ஆரம்பகாலத்தில் புள்ளிச் சித்திரங்களை வரைந்த கசுகோ ஷிபுயாவே இதற்கும் வரைந்தார். இம்முறை குறை எழுத்துருவின் மேல் விழுந்தது. 2023-இல் வந்த கன்சோல் பதிப்பில் பழைய பாணி எழுத்தையும் சேர்த்தார்கள்.

இவர்களைப் பழமை விரும்பிகள் என்று ஒதுக்கிவிட முடியுமா? நோபுவோ உயெமட்சுவின் மேற்பார்வையில் புதிதாக அமைந்த இசையை இதே ரசிகர்களில் பலர் வரவேற்றார்கள். மாற்றம் அவர்களுக்குப் பகையல்ல. படைத்தவரின் கைவண்ணம் அழியக்கூடாது என்பதே அவர்கள் கேட்டது.